ரூம் போட்டு யோசிப்போம்: சிலிண்டர் யாரோடது மச்சி?

மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், அகரம்தென் பக்கம் வாடகைக்கு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற நண்பர்களே! இந்த வாரம் உங்களுக்கு ஒரு குட்டி டெஸ்ட். பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் எல்லாம் கிடையாது. மூணே மூணு கேள்விதான்.

ஒன்று: உங்க ரூம்ல இருக்கிற கேஸ் சிலிண்டர் யார் பேர்ல இருக்கு?

இரண்டு: சிலிண்டருக்கும் அடுப்புக்கும் நடுவுல ஓடுதே ஒரு டியூப், அதை எந்த வருஷம் வாங்கினாங்க?

மூன்று: ராத்திரி ரெண்டு மணிக்கு கேஸ் வாசனை வந்தா எந்த நம்பருக்கு போன் போடணும்?

மூணுக்கும் டக்குனு பதில் சொல்லிட்டீங்கன்னா நீங்க சென்டம். இந்தப் பக்கத்தைப் புரட்டிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிடலாம். 'ஙே'ன்னு முழிக்கிறீங்கன்னா, வாங்க, உட்காருங்க. இன்னைக்கு நாம பேசப் போறது அந்தச் சிவப்புக் குண்டனைப் பத்தித்தான்.

அனாதை சிலிண்டர்

வீட்டுல அம்மா சமையல்கட்டுக்குள்ள நுழைஞ்சதும் மூக்கைச் சுளிச்சு, "என்னடா இது, கேஸ் வாசனை வருதே"ன்னு சொல்வாங்க. பால் பொங்கி அடுப்பு அணைஞ்சா முதல் ஆளா ஓடுவாங்க. ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி ரெகுலேட்டரை மூடினோமான்னு ஒருமுறை எட்டிப் பார்ப்பாங்க. அந்த வீட்டுல சிலிண்டருக்கு ஒரு ஆள் இருக்கு.

பேச்சலர் ரூம்ல? கதையே வேற. நாலு பேர் தங்குற ரூம். சிலிண்டர், மூணு வருஷத்துக்கு முன்னாடி படிச்சு முடிச்சுப் போன சீனியர் விட்டுட்டுப் போனது. அடுப்பு, அதுக்கும் முந்தின செட் வாங்கினது. டியூப் யார் மாட்டினதுன்னு யாருக்கும் தெரியாது. ரீஃபில் வந்தா நாலு பேரும் காசு பிரிச்சுக் கொடுப்பீங்க. அதோட சரி. காசுல நாலு பேருக்கும் பங்கு உண்டு, கவனிக்கிறதுல ஒருத்தருக்கும் பங்கு இல்லை. எல்லாருக்கும் சொந்தமான சிலிண்டர், கடைசியில யாருக்குமே சொந்தமில்லாத சிலிண்டரா ஆயிடுது.

இந்த வாரம் நான் சொல்ல வர்றது இது ஒண்ணுதான். கேஸ் விபத்து பெரும்பாலும் தலைவிதியால வர்றதில்லை. யாரும் பார்க்காம விட்டதால வருது. பார்க்கிறதுக்கு இன்ஜினீயரிங் டிகிரி வேண்டாம். மாசத்துக்குப் பத்து நிமிஷமும், ரூம்ல ஒரு பொறுப்பான ஆளும் போதும்.

குண்டனோட குணம்

எதிரியோட குணம் தெரிஞ்சாத்தானே விளையாட முடியும்? கொஞ்சம் சயின்ஸ் பேசலாம், தூங்கிடாதீங்க.

சிலிண்டருக்குள்ள இருக்கிறது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்.பி.ஜி. அழுத்தத்துல திரவமா இருக்கு. வெளியே வந்து வாயுவா மாறும்போது சுமார் 250 மடங்கு விரியும். அதனாலதான் இடுப்பு உயரம்கூட இல்லாத ஒரு இரும்பு உருளை, நாலு பேருக்கு ஒரு மாசத்துக்கும் மேல சோறு போடுது.

இரண்டாவது குணம்தான் முக்கியம். இது காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிஞ்சா மேலே போய் ஜன்னல் வழியா பறந்துடாது. தண்ணி மாதிரி தரையில பரவித் தேங்கும். இப்ப உங்க ரூமை நினைச்சுப் பாருங்க. தரையில என்னென்ன இருக்கு? எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மொபைல் சார்ஜர், கொசுவர்த்தி, பாய் விரிச்சுத் தூங்குற நீங்க! கேஸ் முதல்ல வந்து சேர்ற இடம் எதுவோ, அங்கேதான் தீப்பொறிக்கான அத்தனை சாமானும் இருக்கு.

மூணாவது, காத்துல வெறும் 2 சதவீதம் கேஸ் கலந்தாலே போதும், பத்திக்கும். பத்துக்குப் பத்து ரூம், பத்தடி உயரம்னு வெச்சுக்கங்க. அந்த ரூம் முழுக்கச் சீரா கலந்து வெடிக்கிற நிலைக்கு வர்றதுக்கு, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல கசிஞ்சாலே போதும். உங்க சிலிண்டர்ல இருக்கிறது 14.2 கிலோ. அதுவும் கேஸ் தரையிலேயே தேங்குறதால, கீழ்மட்டத்துல அந்த அளவு இன்னும் சீக்கிரமே வந்துடும்.

'சும்மா பயமுறுத்தாதீங்க'ன்னு சொல்றீங்களா? 2021 நவம்பர் 23. சேலம் கருங்கல்பட்டி. காலை நேரத்துல ஒரு வீட்டுல சிலிண்டர் கேஸ் கசிஞ்சு வெடிச்சது. இடிஞ்சது அந்த ஒரு வீடு மட்டுமில்லை. ஒட்டியிருந்த வீடுகளும் சேர்ந்து சரிஞ்சது. 5 பேர் இறந்தாங்க. அவங்கள்ல ஒருத்தர் பக்கத்துல குடியிருந்த, தீயணைப்புத் துறையில வேலை பார்த்தவர். ஊரார் வீட்டுத் தீயை அணைக்கிற ஒருத்தரே பக்கத்து வீட்டுக் கசிவுல போயிட்டார். சுவரோட சுவர் ஒட்டி வீடு கட்டியிருக்கிற நம்ம ஏரியாவுக்கு அது ஒரு பாடம். உங்க ரூம் டியூப் உங்களுக்கு மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. கீழ் வீட்டு ஹவுஸ் ஓனர் பாட்டிக்கும், எதிர் வீட்டுக் குழந்தைக்கும் சம்பந்தப்பட்டது.

அந்த நாத்தம் எங்கிருந்து வந்துச்சு?

ஒரு ரகசியம். எல்.பி.ஜி.க்கு உண்மையில வாசனையே கிடையாது. அழுகின முட்டைக்கோஸ் மாதிரி ஒரு நாத்தம் வருதே, அது நமக்காகவே சேர்க்கிறது. எத்தில் மெர்காப்டன்னு பேரு. கொஞ்சூண்டு இருந்தாலே மூக்கு கண்டுபிடிச்சுடும்.

இந்த வழக்கம் உலகம் முழுக்கப் பரவினதுக்குப் பின்னாடி ஒரு ஸ்கூலோட சோகம் இருக்கு. சென்னை கிறிஸ்தவக் கல்லூரி நம்ம தாம்பரத்துக்கு இடம் மாறி வந்த அதே 1937. அமெரிக்காவுல, டெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் ஊர்ல ஒரு பள்ளிக்கூடம். குளிருக்குக் கட்டடத்தைச் சூடாக்க கேஸ் ஹீட்டர்கள். கேஸுக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடிக்கலாம்னு, பக்கத்து எண்ணெய் வயல்ல வீணாப் போற எரிவாயுவைக் குழாய் போட்டு இழுத்துக்கிட்டாங்க. அதுக்கு வாசனை இல்லை. கட்டடத்துக்கு அடியில கசிஞ்சு சேர்ந்துக்கிட்டே இருந்தது யாருக்கும் தெரியலை. மார்ச் 18 மதியம், தச்சு வேலை வகுப்புல ஒரு மின்சார இயந்திரத்தோட ஸ்விட்சைப் போட்டாங்க. சுமார் 300 பேர் இறந்தாங்க. பெரும்பாலும் குழந்தைகள். அதுக்கு அப்புறம்தான் எரிவாயுவுல நாத்தம் சேர்த்தே ஆகணும்னு சட்டங்கள் வந்துச்சு.

அதனால அந்த நாத்தம் வந்தா, 'ரூம்ல சாக்ஸ் நாத்தமா இருக்கும்'னு ஸ்ப்ரே அடிச்சுட்டுத் திரும்பிப் படுக்காதீங்க. அது உங்களை எழுப்புறதுக்காகப் போட்ட அலாரம். இன்னொண்ணு, மூக்கு சீக்கிரமே பழகிடும். உள்ளேயே உட்கார்ந்திருக்கிறவங்களுக்குக் கொஞ்ச நேரத்துல வாசனை தெரியாமப் போயிடும். ஜலதோஷம் பிடிச்சவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். வெளியிலிருந்து வர்ற நண்பன் "என்னடா நாத்தம்?"னு கேட்டா, அவனை நம்புங்க.

முதல் ஞாயிறு, பத்து நிமிஷம்

மாசத்தோட முதல் ஞாயித்துக்கிழமை. பிரியாணி ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி, இந்த ஆறு விஷயத்தையும் ஒரு ரவுண்டு பார்த்துடுங்க.

1. டியூப். முதல்ல கையில எடுத்து மெதுவா வளைச்சுப் பாருங்க. வெடிப்பு, விறைப்பு, எலி கடிச்ச தடம் இருந்தா அன்னைக்கே மாத்தணும். நம்ம ஏரியா எலிகளுக்கு ரப்பர்னா ரொம்ப இஷ்டம். கடையில கிடைக்கிற சாதா பச்சை டியூப், பிளாஸ்டிக் டியூப் எல்லாம் வேண்டாம். உள்ளே கம்பி வலை வெச்ச 'சுரக்ஷா' டியூப்தான் சரி. ஐ.எஸ். 9573 முத்திரை இருக்கணும். டியூப் மேலேயே மாதமும் வருஷமும் அச்சிட்டிருப்பாங்க. 5 வருஷத்துக்கு ஒருமுறை மாத்திடணும், பார்க்க எவ்வளவு பளபளப்பா இருந்தாலும் சரி. நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல வேண்டாம். நடுவுல ஒட்டுப் போட்டு நீட்டுறது, மேலே துணி சுத்தி மறைக்கிறது ரெண்டும் கூடாது. துணி சுத்தினா வெடிப்பு எப்படிக் கண்ணுக்குத் தெரியும்? ரெண்டு பிரியாணிக்கு ஆகிற காசுதான் பாஸ். நாலு பேர் ஷேர் பண்ணிக்கலாம்.

2. இணைப்புகள். ஒரு கிண்ணத்துல தண்ணி, கொஞ்சம் துணி சோப்பு. நல்லா நுரை வரக் கலக்கிக்கங்க. ரெகுலேட்டரைத் திறந்துட்டு, அடுப்பு குமிழ்களை மூடி வெச்சுட்டு, டியூப் ரெகுலேட்டர்ல சேர்ற இடம், அடுப்புல சேர்ற இடம் ரெண்டுலயும் நுரையைத் தடவுங்க. முட்டை முட்டையா நுரை கிளம்பினா கசிவு. உடனே ரெகுலேட்டரை மூடிடுங்க. தீக்குச்சி கொளுத்திக் காட்டி 'செக்' பண்ற ஹீரோயிசம் மட்டும் வேண்டவே வேண்டாம்!

3. ரெகுலேட்டர். குமிழ் லூசா சுத்துதா? சிலிண்டர் மேலே 'கிளிக்'னு உட்காராம ஆடுதா? உஸ்ஸ்னு சத்தம் வருதா? சுத்தியலால தட்டிச் சரி பண்ற வேலை வேண்டாம். கேஸ் ஏஜென்சியில சொல்லி மாத்துங்க.

4. தீயோட நிறம். அடுப்பைப் பத்த வெச்சுப் பாருங்க. நீல நிறத்துல, அடங்கி, சீரா எரியணும். மஞ்சளா அலைபாய்ஞ்சு எரிஞ்சு பாத்திரத்தோட அடியைக் கரியாக்குதுன்னா, காத்து சரியாக் கலக்கலைன்னு அர்த்தம். அடுப்பை அணைச்சு, ஆறினதும் பர்னரைக் கழட்டி, பொங்கி வழிஞ்சு அடைச்சுக்கிட்ட ஓட்டைகளை ஊசியால சுத்தம் பண்ணி, நல்லா காய வெச்சு மாட்டுங்க. அப்புறமும் மஞ்சள்னா மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

5. காத்து. சமையல் மூலையில இருக்கிற ஜன்னலை, கொசு வருதுன்னு அட்டை வெச்சு அடைச்சிருக்கீங்களா? கொசு வலை அடிங்க, அட்டையை எடுங்க. சிலிண்டர் எப்பவும் நிமிர்ந்து நிக்கணும். அடுப்பு அதைவிட உயரமா மேடை மேலே இருக்கணும். சிலிண்டரைக் கட்டிலுக்கு அடியிலயோ, பூட்டின அலமாரிக்குள்ளயோ அடைக்காதீங்க.

6. சிலிண்டர் தேதி. சிலிண்டரோட கழுத்துக்குக் கீழே, கைப்பிடியைத் தாங்குற பட்டை ஒண்ணுல உள்பக்கமா 'டி-27' மாதிரி ஒரு எழுத்தும் எண்ணும் எழுதியிருக்கும். ஏ-ன்னா ஜனவரி முதல் மார்ச் வரைக்கும். பி-ன்னா ஏப்ரல் முதல் ஜூன். சி-ன்னா ஜூலை முதல் செப்டம்பர். டி-ன்னா அக்டோபர் முதல் டிசம்பர். அதாவது அந்தச் சிலிண்டரை 2027 டிசம்பருக்குள்ள மறுபடி பரிசோதனைக்கு அனுப்பணும். தேதி தாண்டின சிலிண்டர் வந்தா, வாங்கும்போதே "அண்ணா, இது வேண்டாம், வேற கொடுங்க"ன்னு சொல்லிடுங்க. அது உங்க உரிமை.

சிலிண்டர் போடுற அண்ணன் வரும்போது இன்னும் ரெண்டு விஷயம் கேளுங்க. எடை போட்டுக் காட்டச் சொல்லுங்க. காலி எடை சிலிண்டர் மேலேயே எழுதியிருக்கும். அதோட 14.2 கிலோவைக் கூட்டினா கணக்கு சரியா வரணும். அப்புறம் மூடியைத் திறந்து வால்வுல கசிவு இருக்கா, உள்ளே ரப்பர் வளையம் சரியா உட்கார்ந்திருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. நூலோட தொங்குதே அந்தப் பிளாஸ்டிக் மூடி, அதைத் தூக்கிப் போடாதீங்க. ஆபத்து நேரத்துல வால்வை அடைக்க அதுதான் கை கொடுக்கும்.

தினசரி ஒரு சின்னப் பழக்கமும் உண்டு. நூடுல்ஸை அடுப்புல வெச்சுட்டு மொட்டை மாடிக்கு கிரிக்கெட் ஸ்கோர் கேட்கப் போகாதீங்க. தண்ணி பொங்கித் தீ அணைஞ்சா, கேஸ் பாட்டுக்கு வந்துக்கிட்டே இருக்கும். சமையல் முடிஞ்சதும் அடுப்புக் குமிழை மட்டும் மூடினா பத்தாது. ராத்திரி படுக்கும் முன்னாடி, ஊருக்குப் போகும் முன்னாடி ரெகுலேட்டரை மூடுங்க. பொங்கலுக்கு ஊருக்குப் போற அவசரத்துல கோயம்பேடு, கிளாம்பாக்கம்னு ஓடும்போது மறந்துடுற முதல் விஷயம் இதுதான்.

வாசனையே இல்லாத வில்லன்

கசிவுக்காவது நாத்தம் இருக்கு. நிறமும் இல்லாம, மணமும் இல்லாம ஒரு வில்லன் இருக்கான். பேரு கார்பன் மோனாக்சைடு. கேஸோ கரியோ போதுமான காத்து இல்லாம அரைகுறையா எரியும்போது பிறக்கிறவன். ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோட, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல இறுக்கமா ஒட்டிக்குவான். அப்புறம் ஆக்சிஜனுக்கு ஏது இடம்? முதல்ல தலைவலி, தலைசுத்தல், குமட்டல். அப்புறம் தூக்கம். பல பேர் அதுல இருந்து எழுந்திருக்கிறதே இல்லை.

இது யாருக்கோ நடக்கிற கதை இல்லை. 2024-ல் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன ரெண்டு இளைஞர்கள், பார்பிக்யூ கரி அடுப்பை அறைக்குள்ள வெச்சுட்டுத் தூங்கினாங்க. காலையில உயிரோட இல்லை. 'ஐ.வி.' முடிச்சுட்டு ஊட்டி, கொடைக்கானல்னு போற குரூப் எல்லாம் இதை மனசுல எழுதி வெச்சுக்கங்க. கரி அடுப்பு மூடின அறைக்குள்ள வரவே கூடாது, எவ்வளவு குளிர் அடிச்சாலும்.

நம்ம ஊர்லயும் சில வீடுகள்ல கேஸ் கீசர் வந்தாச்சு. பாத்ரூமுக்குள்ளேயே மாட்டி, கதவைச் சாத்தி, ஜன்னலையும் மூடிட்டு அரைமணி நேரம் குளிச்சா என்ன ஆகும்னு இப்ப உங்களுக்கே புரியும். ரூம் பார்க்கப் போகும்போது கேஸ் கீசர் இருந்தா, அது பாத்ரூமுக்கு வெளியே, காத்தோட்டமான இடத்துல மாட்டியிருக்கா, புகை வெளியே போக வழி இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா பக்கெட்டுல ஹீட்டர் தண்ணி எடுத்துட்டுப் போய்க் குளிங்க. கௌரவம் ஒண்ணும் குறைஞ்சுடாது.

எம்.எஸ். பண்ண கனடா, அமெரிக்கான்னு கிளம்புற சீனியர்களுக்கு ஒரு ஸ்பெஷல் குறிப்பு. அங்கே பேஸ்மென்ட்ல வாடகைக்கு இருப்பீங்க. பக்கத்து மூலையிலேயே 'ஃபர்னஸ்'னு ஒரு பெரிய பெட்டி இருக்கும். கேஸை எரிச்சு, காத்தைச் சூடாக்கி, வீடு முழுக்கக் குழாய் வழியா அனுப்புற மெஷின் அது. எரிஞ்ச புகை தனி வழியா வெளியே போகும். அந்த வழியைப் பனியோ பறவைக் கூடோ அடைச்சா, புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். 2008-ல் ஒன்டாரியோ மாநிலத்து உட்ஸ்டாக் ஊர்ல, கேஸ்ல எரியுற கணப்படுப்போட புகைவழி அடைச்சுக்கிட்டதால அப்பா, அம்மா, ரெண்டு குழந்தைகள்னு ஒரு குடும்பமே இறந்துபோச்சு. அந்தக் குடும்பத்தோட பேரால 2013-ல் ஒன்டாரியோ ஒரு சட்டம் போட்டுச்சு. எரிபொருள் எரியுற சாதனம் இருக்கிற வீடுகள்ல கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். ஸ்கார்பரோவுல நம்ம தமிழ் ஆட்கள் வீட்டுல ரூம் எடுத்தாலும் சரி, முதல் நாளே கேட்க வேண்டியது மூணு: "அண்ணா, அலாரம் வேலை செய்யுதா? ஃபர்னஸை இந்த வருஷம் டெக்னீஷியன் வந்து பார்த்தாரா? ஃபில்டர் எப்ப மாத்தினீங்க?" வைஃபை பாஸ்வேர்டை அதுக்கு அப்புறம் கேட்கலாம்.

பெட்டி மாறலாம், நாடு மாறலாம். நீலத் தீ, நல்ல காத்து, வருஷா வருஷம் ஒரு பரிசோதனை... இந்த மூணும் மாடம்பாக்கத்துக்கும் ஒண்ணுதான், ஸ்கார்பரோவுக்கும் ஒண்ணுதான்.

ராத்திரி ரெண்டு மணி

இப்ப மூணாவது கேள்விக்கு வருவோம். தூக்கத்துல கேஸ் நாத்தம் வருது. என்ன செய்யணும்?

முதல்ல, என்ன செய்யக் கூடாதுன்னு சொல்றேன். லைட் போடாதீங்க. எரிஞ்சுக்கிட்டு இருக்கிற லைட்டை அணைக்கவும் செய்யாதீங்க. ஸ்விட்சை மேலே தட்டினாலும் கீழே தட்டினாலும் உள்ளே பொறி வரும். ஃபேன், எக்ஸாஸ்ட் எதையும் தொடாதீங்க. 'கேஸை வெளியே தள்ளலாமே'ன்னு எக்ஸாஸ்ட் போடுறதுதான் நிறைய பேருக்குத் தோணுற முதல் ஐடியா. அதுதான் ரொம்ப ஆபத்தானது. கொசு பேட்டைக் கையில எடுக்காதீங்க. ரூமுக்குள்ளேயே நின்னு போன் பேசாதீங்க.

செய்ய வேண்டியது இது. கூட இருக்கிறவங்களை எழுப்புங்க. கதவு, ஜன்னல் எல்லாத்தையும் திறங்க. கேஸ் தரையில தேங்கும்னு பார்த்தோமே, அதனால கதவைத் திறந்து விடுறது ரொம்ப முக்கியம். எட்டுற நிலையில இருந்தா ரெகுலேட்டரை மூடுங்க. சிலிண்டர் வால்வுலேயே கசிவுன்னா, ரெகுலேட்டரைக் கழட்டிட்டு அந்தப் பிளாஸ்டிக் மூடியை அழுத்தி மாட்டுங்க. நாத்தம் ரொம்ப அதிகமா இருந்தா அந்த வேலையும் வேண்டாம், எல்லாரும் வெளியே வந்துடுங்க. கீழ் வீடு, பக்கத்து வீட்டுக்காரங்களுக்குக் குரல் கொடுங்க. காலிங் பெல் வேண்டாம், கதவைத் தட்டுங்க. வெளியே வந்து தள்ளி நின்னு 1906-க்கு போன் போடுங்க. எல்.பி.ஜி. கசிவுக்குன்னே 24 மணி நேரமும் இயங்குற நம்பர் அது. தீ பிடிச்சிருந்தா 101 அல்லது 112.

இந்த நம்பர்களை மொபைல்ல சேவ் பண்ணினா மட்டும் பத்தாது. அவசரத்துல போன் எங்கே கிடக்கும்னு யாருக்குத் தெரியும்? கதவுக்கு உள்பக்கம் கொட்டை எழுத்துல எழுதி ஒட்டுங்க.

குட்டி சிலிண்டர் மோகம்

'நமக்கு எதுக்கு பெரிய சிலிண்டர்? தலையிலேயே அடுப்பு வெச்ச குட்டி சிலிண்டர் ஒண்ணு போதும். தெருமுனைக் கடையில கிலோ கணக்குல கேஸ் பிடிச்சுக்கலாம்'னு சிலர் நினைக்கிறீங்க. அங்கே என்ன நடக்குதுன்னு ஒருமுறை கவனிச்சிருக்கீங்களா? பெரிய சிலிண்டரைத் தலைகீழாக் கவிழ்த்து, ஒரு டியூபைச் சொருகி, கணக்கே இல்லாம நிரப்புறாங்க. உள்ளே திரவம் விரிவடைய இடம் விடணும்ங்கிற விதியே அங்கே செத்துப்போச்சு. இது சட்டப்படியும் குற்றம். எல்.பி.ஜி. வினியோகத்துக்கான 2000-ஆம் ஆண்டு ஆணை இதையெல்லாம் தடை செய்திருக்கு.

மாணவர்களும், ஊர் விட்டு ஊர் வந்து வேலை செய்றவங்களும் கஷ்டப்படக் கூடாதுன்னுதான் எண்ணெய் நிறுவனங்கள் 2013-ல் 5 கிலோ சிலிண்டரைக் கொண்டுவந்தாங்க. முகவரிச் சான்று தேவையில்லை, அடையாள அட்டையைக் காட்டி வாங்கலாம்ங்கிறதுதான் அதோட சிறப்பே. குட்டி சிலிண்டர்தான் வேணும்னா அதை வாங்குங்க. கேஸ் ஏஜென்சியில விசாரிச்சா வழி சொல்வாங்க.

சிலிண்டரை டூருக்குத் தூக்கிட்டுப் போற ஐடியாவும் வேண்டாம். 2023 ஆகஸ்ட் 26, மதுரை ரயில் நிலையம் பக்கத்துல நிறுத்தி வெச்சிருந்த ஒரு சுற்றுலாப் பெட்டி. லக்னோவுல இருந்து வந்த யாத்ரீகர்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டரால தீ பிடிச்சு 9 பேர் இறந்தாங்க. ஒரு டம்ளர் டீக்காகப் பத்த வெச்ச அடுப்பு!

ஓனர்கிட்ட எப்படிப் பேசுறது?

'சிலிண்டர் ஓனர் பேர்ல இருக்கு, நாம என்ன கேட்க முடியும்?'னு தயங்காதீங்க. சண்டை போட வேண்டாம், மரியாதையாவே கேட்கலாம்.

"ஆன்ட்டி, டியூப் பழசா இருக்கு. நாங்களே காசு போட்டு மாத்திக்கிறோம். ஏஜென்சியில சொல்லி மெக்கானிக்கை மட்டும் வரச் சொல்றீங்களா?"

இப்படிக் கேட்டா எந்த ஆன்ட்டி மாட்டேன்னு சொல்வாங்க? அவங்க வீடும்தானே அது! ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஏஜென்சி ஆட்கள் வந்து கட்டாயப் பரிசோதனை செய்யணும்ங்கிறது விதி. வர்றவங்ககிட்ட அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்க. 'ஏஜென்சியில இருந்து வர்றோம்'னு சொல்லி அட்டையில்லாம டியூப் விக்க வர்றவங்களைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்துங்க, சந்தேகம்னா ஏஜென்சிக்கு போன் போட்டுக் கேட்டுக்கங்க.

இன்னொரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. எல்.பி.ஜி. விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வெச்சிருக்கிற காப்பீடு இருக்கு. நாடாளுமன்றத்துல அரசு சொன்ன கணக்குப்படி, உயிரிழப்புக்கு ஒருத்தருக்கு 6 லட்சம் ரூபாய், மருத்துவச் செலவுக்கு ஒருத்தருக்கு அதிகபட்சம் 2 லட்சம் ரூபாய். சொத்துச் சேதத்துக்கும் 2 லட்சம் வரை உண்டு. ஆனா அது இணைப்பு பதிவான முகவரியில நடந்திருந்தாத்தான். சேலையூர்ல பதிவான சீனியரோட சிலிண்டர் மாடம்பாக்கத்துல எரிஞ்சா அந்தப் பணத்துக்கு வழி இல்லாமப் போகலாம். அதனாலதான் முதல் கேள்வியாவே கேட்டேன், சிலிண்டர் யார் பேர்லன்னு. வாடகை ஒப்பந்தம் இருந்தா உங்க பேர்லேயே இணைப்பு எடுக்கிற வழியை ஏஜென்சியில கேளுங்க.

காலேஜ்ல என்.எஸ்.எஸ்.ல இருக்கிறவங்களுக்கு ஒரு வேலை. ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 14 முதல் 20 வரைக்கும் தீத்தொண்டு வாரம். 1944-ல் அதே ஏப்ரல் 14 அன்னைக்கு மும்பைத் துறைமுகத்துல கப்பல் வெடிச்ச விபத்துல உயிர்விட்ட தீயணைப்பு வீரர்கள் நினைவா நடத்துறது. கல்லூரிகளுக்கு வந்து சிலிண்டர் தீயை எப்படிச் சமாளிக்கிறதுன்னு செய்து காட்டுவாங்க. உங்க புரோகிராம் ஆபீசர் சார்கிட்ட சொல்லி ஒரு லெட்டர் கொடுங்க. கைத்தட்டி வேடிக்கை பார்க்காம, ஒருத்தராவது முன்னாடி போய் அந்த ஈரச் சாக்கைக் கையில வாங்கிப் பாருங்க.

இந்த வார ஹோம்வொர்க்

ஒரு வெள்ளைத் தாள் எடுங்க. மேலே 1906, 101, 112. அதுக்குக் கீழே டியூப் வாங்கின மாசம், வருஷம். அடுத்து மாத்த வேண்டிய வருஷம். அதுக்கும் கீழே பன்னிரண்டு மாசத்தோட பேர், ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல ரூம்ல இருக்கிற ஒருத்தரோட பேர். ஜூலை: கார்த்திக். ஆகஸ்ட்: சலீம். செப்டம்பர்: ஜோசப். அந்த மாசம் முழுக்க அந்தச் சிலிண்டர் அவனோடது. பரிசோதனை முடிஞ்சதும் கையெழுத்துப் போடணும். லேடீஸ் ஹாஸ்டல், ரூம் எடுத்திருக்கிற தோழிகளுக்கும் இதே கணக்குதான். யாருக்கும் சலுகை கிடையாது.

படிப்பு முடிஞ்சு ரூமைக் காலி பண்ணும்போது அந்தத் தாளைக் கிழிக்காதீங்க. அடுத்து வர்ற ஜூனியரைக் கூப்பிட்டு, சாவியோட சேர்த்து அதையும் கையில கொடுங்க. சீனியர் விட்டுட்டுப் போற நோட்ஸ்லயே உருப்படியான நோட்ஸ் அதுவாத்தான் இருக்கும். எத்தனை அரியர் வேணும்னாலும் அடுத்த செமஸ்டர்ல எழுதிக்கலாம் பாஸ். டியூப்புக்கு மட்டும் அரியர் கிடையாது.

அடுத்த வாரம், ரூமைக் காலி பண்ணும்போது ஹவுஸ் ஓனர்கிட்ட இருந்து அட்வான்ஸை முழுசாத் திருப்பி வாங்குறது எப்படின்னு... ரூம் போட்டு யோசிப்போம்!